நாற்பத்து மூன்று பேர் குடும்பமும் ஒரு கிரைண்டரும்

போன மாதம் பழைய கம்பெனியிலிருந்து போன் வந்தது. புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு நடக்கிறதாம். 'எளிய மக்கள் சந்தையில் லாபமும் சேவையும்' என்று தலைப்பாம். சர்வீஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் நான் வந்து பத்து நிமிஷம் பேச வேண்டுமாம். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். என்னை அறிமுகப்படுத்தியதில் நாலு நிமிஷம் போய்விட்டது. சால்வை போட்டு போட்டோ எடுத்ததில் மூன்று. மீதி மூன்று நிமிஷம் கையில் இருந்தபோது டீயும் வடையும் வந்துவிட்டன. கோயமுத்தூரில் வடை வந்த பிறகு யார் பேசினாலும் எடுபடாது. அதனால் அங்கே சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் டீயை முன்னாலேயே குடித்து முடித்துவிடவும்.

என் படிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம், கோயமுத்தூர் கணபதியில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் ஆறு வருஷம். அந்த ஆறு வருஷத்தில் நான் கற்ற ஒரே வித்தை, எரிந்துபோன காயிலை, அதாவது மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுற்றை, மோந்து பார்த்து அது எதனால் எரிந்தது என்று சொல்வது. தண்ணீர் இறங்கி எரிந்தால் ஒரு வாடை, கெபாசிட்டர் போய் எரிந்தால் ஒரு வாடை. வீட்டில் சாம்பார் அடிப்பிடித்தாலும் எனக்குத்தான் முதலில் தெரியும். என் மனைவிக்கு இந்தத் திறமை மேல் இன்றுவரை மதிப்பு கிடையாது. ஆனால் வரதராஜ் முதலாளி அந்த மூக்கை நம்பித்தான் தன் கிரைண்டர் கம்பெனியில் என்னைச் சேர்த்துக்கொண்டார். எண்பதுகளின் கடைசியில் உள்ளே போனவன், ஓய்வு பெற்றுத்தான் வெளியே வந்தேன்.

முதலாளிக்குக் கோபமே வராது என்று வெளியில் பேசிக்கொள்வார்கள். வரும். ஆனால் அவருக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். சாதாரண நாளில் "சம்முகம், இங்க வா" என்பார். கொஞ்சம் வருத்தம் என்றால் "சம்முகம், இங்க வாங்க." நிஜமாகவே கொதித்துப்போயிருந்தால், "சார், கொஞ்சம் வர முடியுங்களா?" அந்தச் 'சார்' காதில் விழுந்தால், லேத்தில் நிற்கிறவர்கூட மெஷினை நிறுத்திவிட்டு, இன்றைக்கு மாட்டிக்கொண்டது யார் என்று எட்டிப் பார்ப்பார்.

எங்கள் கம்பெனியில் ஒரு கிரைண்டர் தேறியதா இல்லையா என்பதை மீட்டர் சொல்லாது. இட்லி சொல்லும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உளுந்தைத் தனியாக, அரிசியைத் தனியாகப் போட்டு ஆட்டுவோம். பாதியில் நிறுத்தி மாவுக்குள் கையை விட்டுப் பார்க்க வேண்டும். மாவு சூடாக இருந்தால் கல்லோ மோட்டாரோ சரியில்லை. உளுந்து மாவில் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். ராத்திரி புளிக்கவிட்டு, புதன்கிழமை பதினொரு மணிக்கு இட்லி. முதலாளி இட்லியை விரலால் அழுத்திவிட்டு, அது பழையபடி எழும்புகிறதா என்று குனிந்து பார்ப்பார். பிறகு வெறும் இட்லியைச் சாப்பிடுவார். யாராவது சட்னி வைத்தால் தள்ளி வைத்துவிடுவார். "மெஷினோட தப்பைச் சட்னி மறைச்சுப்போடும்" என்பார். புதன்கிழமைகளில் நாங்கள் யாரும் வீட்டிலிருந்து காலை டிபன் சாப்பிட்டுவிட்டு வரமாட்டோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு புதன்கிழமை, இட்லி சாப்பிட்ட கையோடு முதலாளி ஒரு கேள்வி கேட்டார்.

"நம்ம மெஷினு வாங்கறவங்க ஊட்டுல ஆட்டறதுக்கு ஆள் இருக்குது. ஆட்டுக்கல்லுல ஒக்காந்து கை நோகறவங்க ஊட்டுல நம்ம மெஷினு இல்லை. இது என்ன யாவாரமுங்க?"

அவர் அம்மாவோ வேறு யாரோ கஷ்டப்பட்டதைப் பார்த்து வந்த ஞானம் என்று நினைத்துவிடாதீர்கள். மில் தொழிலாளர் குடியிருப்பு வழியாகக் காரில் வந்தபோது, ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள் வரிசையாக ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறார். உடனே எத்தனை வீடு, எத்தனை கிரைண்டர் என்று எண்ணியும் இருக்கிறார். நெஞ்சு இளகியது, கணக்கும் ஓடியது. இரண்டும் சேர்ந்தால்தான் அவர் வரதராஜ். அந்த வீடுகளுக்கென்று பாதி விலையில் ஒரு மெஷின் செய்ய வேண்டும் என்றார்.

அலுவலகக் கணக்கையெல்லாம் பார்த்துக்கொண்டது அவருடைய மச்சினர் ஜெகன். அவர் கெட்டவர் அல்ல. கம்பெனியில் வேலை செய்த அத்தனை பேருக்கும் முதல் தேதி சம்பளம் வந்தது என்றால் அதற்குக் காரணம் அவர்தான்.

"மச்சான், பாதி வெலைக்கு மெஷினு குடுக்கறதுன்னா பாதி மெஷினுதான் குடுக்க முடியும்" என்றார் ஜெகன்.

எதைக் குறைக்கலாம் என்று பேச்சு வந்தது. கல்லைக் குறைத்தால் இட்லி கெடும். டிரம்மின் தகட்டை மெலிதாக்கினால் சத்தம் போடும். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். திறக்காமல் இருந்திருக்கலாம்.

"காயில் கம்பியை ஒரு சைஸ் சன்னமாக்கலாமுங்க. செம்புல நல்ல மிச்சமாகும். மோட்டார் கொஞ்சம் சூடேறும். ஆனா அரைமணி நேரந்தானுங்க ஓடப்போகுது? இல்லாத ஊட்டுல எத்தனை இட்லி சுடப்போறாங்க? வாரத்துல ரெண்டு நாளு, அரைப்படி அரிசி."

மூன்று பேரும் தலையாட்டினோம். அந்த மூன்று பேரில் ஒருவர்கூட அப்படி ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பேசவில்லை. முதலாளி என் முதுகில் தட்டிக்கொடுத்தார். தீபாவளிக்கு எனக்கு ஒரு கைக்கடிகாரம் கிடைத்தது. புது மெஷினுக்குப் பட்டறையில் 'குட்டி' என்று பெயர் வைத்தோம். அரைப்படி போட்டு அரைமணி ஓட்டிப் பார்த்ததில் குட்டி அருமையாகத் தேறியது. இட்லி பஞ்சாக இருந்தது. நான் நாலு சாப்பிட்டேன்.

குட்டி நன்றாக விற்றது. ஆறு மாதத்தில் எரிந்தும் வர ஆரம்பித்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். ஆனால் ஒரே வீட்டில் மூன்று முறை எரிந்தது ஒன்று. வால்பாறை மேலே ஒரு எஸ்டேட் லைன், பாக்கியம் என்பவர் பெயரில். பொள்ளாச்சிக் கடைக்காரர் மூன்றாவது முறை காயிலை அனுப்பாமல் ஒரு சீட்டை மட்டும் அனுப்பியிருந்தார்: 'இந்தம்மா என் கடையில் வந்து அழுவது எனக்குத் தாங்கவில்லை. நீங்களே பார்த்துக்கொள்ளவும்.'

ஜெகன் வாரண்டி அட்டையை எடுத்து என் முன்னால் போட்டார். அதில் 'வீட்டு உபயோகத்துக்கு மட்டும்' என்று தடித்த எழுத்தில் இருந்தது.

"சம்முகம், போய்ப் பாரு. அங்க கடை நடக்குது. கடைன்னு எழுதி வாங்கிட்டு வந்தீன்னா நம்ம பொறுப்பு முடிஞ்சுது. ஒரு காயில் எரிஞ்சா அஞ்சு மெஷினோட லாபம் போகுது. இப்படியே போனா குட்டியை நிறுத்தறதைத் தவிர வேற வழியில்லை."

என்னிடம் ஒரு படிவமும் கொடுத்தார். பெயர், முகவரி, குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை, ஒரு நாளைக்கு ஓடும் நேரம், உபயோகம் வீடா கடையா. ஐந்தே கேள்விதான்.

போகிற தேதியைக் கேட்டு எழுதியதற்கு, ஞாயிற்றுக்கிழமையாக வரச்சொல்லிப் பதில் வந்திருந்தது. ஏன் ஞாயிற்றுக்கிழமை என்று அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. லைன் என்பது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு வீடு. அன்றைக்குத் தேயிலைக் காட்டில் வேலை இல்லாததால் பன்னிரண்டு வீட்டு ஆட்களும் கடைசி வீட்டு முன்னால் கூடி நின்றார்கள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்த மாதிரி எனக்கு நாற்காலி போட்டார்கள். பாக்கியம் நாற்பது வயதுக்காரர், பொள்ளாச்சிப் பக்கத்தில் பிறந்தவர். வீட்டுக்காரர் தேயிலை பேக்டரியில் பிட்டர். அந்த உத்தியோகத்தால் லைனிலேயே அவர்கள் வீட்டில் மட்டும்தான் பிளக் பாயிண்ட் இருந்தது.

நான் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவது கேள்விக்கு வந்தேன்.

"குடும்பத்துல எத்தனை பேருங்க?"

"நாப்பத்திமூணு பேருங்க" என்றார் பாக்கியம்.

என் பேனா நின்றுவிட்டது. அவர் கண் இமைக்கவில்லை.

"கூட்டுக் குடும்பமுங்க" என்றார்.

கூடி நின்ற நாற்பத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டினார்கள். ஒத்திகை பார்த்திருப்பார்கள் போல. பொள்ளாச்சிக் கடையில் யாரோ அந்தத் தடித்த எழுத்தைப் படித்துக் காட்டி, வீடு என்று சொன்னால்தான் காயில் கிடைக்கும் என்று சொல்லிவிட்டிருக்கிறார்கள். லைன் முழுக்க ஒரே வீடாகிவிட்டது.

"இவங்க யாருங்க?" என்று பக்கத்தில் தலையில் முக்காடு போட்டு நின்ற அம்மாவைக் காட்டிக் கேட்டேன்.

"என்ற நாத்தனாருங்க. நபீசா."

"அதே, நாத்தனார்" என்றார் நபீசா, பாலக்காட்டு வாசனையோடு.

"இவங்க?"

"கூடப் பொறந்த தங்கச்சிங்க. எஸ்தரு."

கழுத்தில் சிலுவை போட்டிருந்த எஸ்தர் முன்னால் வந்து, "வாங்க அண்ணாச்சி, நல்லா இருக்கீளா?" என்றார். பொள்ளாச்சி அக்காவுக்குத் திருநெல்வேலித் தங்கை எப்படிப் பிறந்தாள் என்று நான் கேட்கவில்லை. மாமனார் யார் என்று மட்டும் கேட்டேன். இரண்டு பெரியவர்கள் ஒரே சமயத்தில் எழுந்து நின்றார்கள். நின்றவர்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். பாக்கியம் "ஒருத்தரு பெரிய மாமனாருங்க, ஒருத்தரு சின்ன மாமனாருங்க" என்று சமாளித்தார். சின்ன மாமனார் ஆக்கப்பட்டவருக்கு அது பிடிக்கவில்லை. கடைசிவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போனால் சுவரோரமாகப் பன்னிரண்டு பாத்திரங்கள். ஒவ்வொன்றின் காதிலும் ஒவ்வொரு கலர் துணி கட்டியிருந்தது.

"ஒரே குடும்பந்தானுங்களே, எதுக்குங்க பன்னண்டு பாத்திரம்?"

"ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு புளிப்புங்க" என்றார் பாக்கியம். "நாத்தனாருக்குப் புளிச்சா ஆகாதுங்க. தங்கச்சிக்குப் புளிக்காட்டி எறங்காதுங்க. பெரிய மாமனாரு பல்லில்லாதவரு, அவருக்கு மாவு நைசா இருக்கோணுமுங்க."

இப்படி ஒரு பதிலை நான் என் சர்வீஸில் கேட்டதில்லை. எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது. அடக்கிக்கொண்டு மோட்டாரைக் கழற்றினேன்.

எரிந்த மோட்டாரைப் பார்க்கிற முறை ஒன்று உண்டு. ஒரு காயில் மட்டும் கருகி மற்றவை பளபளப்பாக இருந்தால் கம்பெனித் தப்பு. ஓரத்தில் பச்சை பூத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இது இரண்டும் இல்லை. சுற்று முழுக்க ஒரே சீராக, வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் வெந்திருந்தது. நாள் முழுக்க ஓடி, ஆற நேரமில்லாமல் செத்த மோட்டார். கல்லைத் தடவிப் பார்த்தேன். கொத்தியிருந்த வரிகள் வழுவழுவென்று ஆகியிருந்தன. வசதியான வீட்டில் நாலு வருஷத்தில் தேயவேண்டியது இங்கே நாலு மாதத்தில் தேய்ந்திருந்தது.

இதற்கு மேல் விசாரணை தேவையில்லை. 'கடை' என்று ஒரு வார்த்தை எழுதினால் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாம். அதற்குள் வாழையிலையில், ஆட்டுக்கல் மாவில் சுட்ட ஏழு இட்லி வைத்துவிட்டார்கள். பாக்கியம் கேட்காமலே இரண்டு தடவை சட்னி ஊற்றினார். நாற்பத்திரண்டு சொந்தக்காரர்களும் நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எஸ்தர்தான் உளறினார். பொய் அவருக்கு அதிக நேரம் தாங்கவில்லை.

"இந்த மெஷினு வந்த பொறவுதான் அண்ணாச்சி, நான் வேலைவிட்டு வந்து பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு செத்த நேரம் உக்காருதேன். காலையில அரிசியக் குடுத்துட்டுப் போனா சாயந்தரம் மாவு ரெடியா இருக்கும். அக்காவுக்கு முட்டி போச்சுல்லா, காட்டுல ஏற முடியாது. அரைச்சுக் குடுக்கத வச்சுதான் அதுக்கும் கஞ்சி..."

நபீசா அவர் இடுப்பில் ஒரு இடி இடித்தார். பாக்கியம் தரையைப் பார்த்தபடி இருந்தார். நான் கையில் எடுத்த இட்லியை இலையிலேயே வைத்தேன்.

இல்லாத வீட்டில் எத்தனை இட்லி சுடப்போகிறார்கள் என்று கேட்டவன் நான். கேட்டது சரிதான். ஆனால் இல்லாத வீடு தனியாக இல்லை. பன்னிரண்டு வீடு சேர்ந்து ஒரு மெஷின் வைத்திருக்கிறது. பங்களாவில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஓடுகிற மெஷினுக்குத் தடித்த கம்பி போட்டோம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடுகிற மெஷினுக்குச் சன்னக் கம்பி போட்டோம். இந்தப் புத்திசாலித்தனத்துக்குத்தான் கையில் கடிகாரம் கட்டியிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. படிவத்தில் குடும்ப உறுப்பினர்கள் 43 என்று எழுதினேன். உபயோகம்: வீடு.

மறுநாள் ஜெகன் அதைப் படித்தார்.

"இதென்ன, நாலா மூணா? ரெண்டையும் எழுதி வச்சிருக்கறே?"

"நாப்பத்திமூணுங்க."

"நாப்பத்திமூணு பேரு ஒரே ஊட்டுலயா? ரேசன் கார்டுக்கு அட்டை பத்தாதே!"

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். படிவத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சார், கொஞ்சம் உள்ள வர முடியுங்களா?"

லேத் நின்றது. நான் உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். நாத்தனார், இரண்டு மாமனார், புளிப்பு, முட்டி, கடைசியில் என் சன்னக் கம்பி. மோட்டாரை மேஜைமேல் வைத்தேன். முதலாளி காப்பிக்கொட்டை நிறக் காயிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலில் ஒட்டிய கரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அரைப்படி, அரைமணி நேரமுன்னு சொன்னது நீங்க. தலையாட்டுனது நானு. சரிங்க சார், ஞாயித்துக்கிழமை போலாம். நம்ம ஜெகன் மாப்பிள்ளையும் வரட்டும்" என்றார்.

முதலாளியின் அம்பாசிடரில் மலை ஏறினோம். ஒன்பதாவது வளைவில் ஜெகன் பேச்சை நிறுத்தினார். பதினாறாவது வளைவில் எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்தார். இருபத்திரண்டாவது வளைவிலிருந்து வண்டி அவருக்காக நின்று நின்று போனது. கடைசி வளைவைத் தாண்டும்போது குட்டியை நிறுத்துவதா வேண்டாமா என்பதைப் பற்றி அவருக்கு எந்தக் கருத்தும் மிச்சமில்லை.

முதலாளியே வருகிறார் என்ற செய்தி முன்னாலேயே போயிருந்தது. குடும்பம் ஐம்பத்தொன்றாக வளர்ந்திருந்தது. பக்கத்து லைனிலிருந்தும் சொந்தக்காரர்களைக் கூட்டி வந்திருந்தார்கள். பெரிய மாமனார் இந்த முறை புது வேட்டியில் இருந்தார். முதலாளி ஒவ்வொருவரிடமும் கைகூப்பி, உறவுமுறை விசாரித்தார். நபீசாவிடம் வந்தபோது, "நாத்தனாருங்களா? சந்தோசமுங்க" என்றார். ஜெகன் பாவம், நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். இரண்டு அத்தைமார் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாரையும் விசாரித்துவிட்டு முதலாளி பாக்கியத்தின் முன்னால் வந்து நின்றார்.

"அம்மணி, இத்தனை பேரு ஒத்துமையா ஒரு பொய்யைச் சொல்றதை நான் பாத்ததே இல்லீங்க. எங்க ஊட்டுல நாலு பேரு ஒரு உண்மையைச் சொல்றதுக்கே ஒத்து வரமாட்டாங்க."

முதலில் சின்ன மாமனார்தான் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பொய்தானுங்க. தப்புத்தானுங்க. பன்னண்டு ஊடு சேந்து சீட்டுப் போட்டு வாங்குன மெஷினுங்க. குடும்பம் பன்னண்டுங்க, மெஷினு ஒண்ணுங்க. நின்னுபோனா இவங்க எல்லாரும் மறுபடி ஆட்டுக்கல்லுக்குப் போகோணும். நானு மலை ஏறோணும். எனக்கு முட்டி ஏறாதுங்க."

முதலாளிக்குக் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அவர் கண் கலங்கினால் எனக்குப் பயம், பணத்தை எடுக்க அவர் கை உடனே பைக்குள் போகும்.

"அம்மணி, நீங்க ஒண்ணும் பேச வேண்டாமுங்க. தப்பு எங்க பேர்ல. நாளைக்கே பெரிய மெஷினு ஒண்ணு அனுப்பிச்சு வெக்கறேன். காசு வேண்டாமுங்க. எங்க கம்பெனியோட அன்பளிப்பா வெச்சுக்கோங்க."

லைன் முழுக்க ஒரு சந்தோஷ முணுமுணுப்பு ஓடியது. எஸ்தர் சிலுவையை எடுத்து முத்தமிட்டார். பாக்கியம் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று ஆட்டினார்.

"இனாம் வேண்டாமுங்க."

"ஏனுங்க?"

"காசு குடுத்து வாங்குனதாலதானுங்க மூணு தடவை பொள்ளாச்சிக்கு எறங்கிப் போய்ச் சண்டை போட்டேன். அழுதுதான் போட்டேன், ஆனாப் போட்டேன். சும்மா வாங்கிப்போட்டு, நாளைக்கு அது நின்னுபோச்சுன்னா நான் எந்த மூஞ்சியை வெச்சுட்டுச் சண்டை போடறது? குடுத்த மகராசருன்னு கும்புட்டுட்டு ஆட்டுக்கல்லுக்குத்தான் போகோணும்."

முதலாளியின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

அப்போது நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஜெகன் கண்ணைத் திறந்திருந்தார். முகம் இன்னும் வெளுத்துத்தான் இருந்தது.

"மச்சான், அந்தம்மா சொல்றதுதான் சரி" என்றார். "ஏனுங்கம்மா, தடிச்ச கம்பி போட்டா வெலை ஏறுமுங்க. சம்மதமா?"

"எவ்வளவுங்க ஏறும்?"

ஜெகன் சொன்னார். பாக்கியம் திரும்பி லைனைப் பார்த்தார். பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் மனசுக்குள் வகுத்துப் பார்த்தது முகத்திலேயே தெரிந்தது. நபீசாதான் முதலில் விரலை மடக்கி முடித்துத் தலையசைத்தார்.

"பன்னண்டு ஊட்டுக்குப் பிரிச்சா இதென்னுங்க பெரிய காசு?" என்றார் பாக்கியம். "இதை மொதல்லயே கேட்டிருக்கலாமில்லீங்க?"

கேட்டிருக்கலாம். தனியாக ஒரு ஏழையை மனதில் வைத்து விலையைக் குறைத்தோம், கம்பியைக் குறைத்தோம். வாங்க வந்தது பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் நல்ல மெஷினுக்கே விலை கொடுக்க முடியும் என்பது, லாபத்தைப் பற்றியும் சேவையைப் பற்றியும் அவ்வளவு பேசிய எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் அப்போது தோன்றவில்லை.

அங்கேயே பேசி முடிவானது. பழைய குட்டியை எடுத்துக்கொண்டு, தடித்த கம்பி போட்டுத் தருவது. கூடுதல் விலையை இரண்டு தவணையில் வாங்குவது. கீழே வந்ததும் ஜெகன் வாரண்டி அட்டையையும் மாற்றினார். 'வீட்டு உபயோகத்துக்கு மட்டும்' என்ற வரி போய், 'ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வரை' என்று வந்தது. யார் ஓட்டுகிறார்கள், அவர்களுக்குள் என்ன உறவு என்பதெல்லாம் எங்களுக்கு எதற்கு? அதற்குப் பிறகு புதன்கிழமை இட்லிச் சோதனைக்கும் எட்டு மணி நேரம் விடாமல் மாவு ஆட்டினோம். அவ்வளவு மாவையும் பட்டறையே தின்று தீர்க்க வேண்டியிருந்தது. மூன்று மாதத்தில் எனக்கு இட்லியைக் கண்டாலே ஓட வேண்டும் போல ஆகிவிட்டது.

தடித்த கம்பிக் குட்டி விலை ஏறியும் விற்றது. லைனுக்கு ஒன்று, வீதிக்கு ஒன்று என்று கேட்டு வந்தார்கள். பெரிய லாபம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜெகன் அதற்குப் பிறகு அதை நிறுத்தச் சொல்லிக் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து வால்பாறையிலிருந்து ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. 'மூடி சரியில்லை. மாவு வெளியே தெறிக்கிறது. விலை கொடுத்து வாங்கியது. உடனே ஆள் அனுப்பவும்.' கீழே பன்னிரண்டு கையெழுத்து, கைநாட்டு. வணக்கம் கிடையாது. நலமா என்ற விசாரிப்பு கிடையாது. ஜெகன் அதைப் படித்துவிட்டு, என்ன திமிர் பார் என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டு மூடியை எடுத்துவரச் சொன்னார்.

நான் மூடியை எடுத்துக்கொண்டு மலை ஏறினேன். பாக்கியம் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். அரைமணி நேரம் நிற்க வைத்துத் திட்டினார். மூடிகூடச் சரியாகச் செய்யத் தெரியாதவர்கள் எதற்குக் கம்பெனி நடத்துகிறீர்கள் என்று கேட்டார். நபீசா நடுநடுவே எடுத்துக் கொடுத்தார். பச்சைத் தண்ணீர்கூடத் தரவில்லை. மூடியை மாற்றி, ஓட்டிக் காட்டி, ஒரு சொட்டு தெறிக்கவில்லை என்று பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் பார்த்துச் சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

திரும்பி வந்ததும் முதலாளி கூப்பிட்டார்.

"என்ன சம்முகம், அந்த அம்மணி என்ன சொன்னாங்க?"

"திட்டுனாங்க முதலாளி."

"நல்லாத் திட்டுனாங்களா?"

"அரைமணி நேரமுங்க. பச்சைத் தண்ணிகூடக் குடுக்கலீங்க."

முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை எந்தப் புதன்கிழமையும் நான் பார்த்ததில்லை.

"அப்ப சரி. யாவாரம் நேர்மையாத்தான் நடக்குது."